மீசைக்குக் கிடைத்த பட்டம்

"கைய எடு!"

மூடியின் கைப்பிடியைத் தொட்ட இளைஞன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். உள்ளே கறி எப்படி இருக்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டான், அவ்வளவுதான். லில்லி இடுக்கியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"உங்க வூட்ல இட்லி வேவும்போது நிமிஷத்துக்கு ஒரு தபா தொறந்து பாப்பாங்களா? நீ மூடியத் தொறந்தியானா உள்ள இருக்கற சூடு மொத்தமும் வெளில ஓடிடும். அது திரும்பி வர்ற வரிக்கும் கறி தண்ணி விட்டு அழுதுக்கினு இருக்கும். தள்ளி நில்லுபா."

தினமும் மாலையில் காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கை போகும் சாலையில் யாராவது ஒருவர் இந்தத் திட்டை வாங்கிக்கொள்கிறார். மெக்கானிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது லில்லியின் பெல்லட் அடுப்பு. கறுப்புப் பீப்பாயைப் படுக்கப் போட்டுக் கால் வைத்தது போல இருக்கும். பக்கத்தில் ஒரு பெட்டி. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சித் துண்டுகளை அதில் கொட்டுவாள். மின்சாரத்தில் ஓடும் திருகு ஒன்று அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அடியிலுள்ள குழிக்குள் தள்ள, ஒரு விசிறி ஊதி எரிய வைக்கும். முதன்முதலில் பார்க்கிறவர்கள், அடுப்புக்கு மாட்டுத் தீவனம் போடுகிறாள் என்றே நினைப்பார்கள். ஒருவர் கேட்டே விட்டார். "ஆமா, சாயந்திரம் பாலும் கறக்கும்" என்றாள் லில்லி.

ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியின் விருந்தினர் விடுதியில் சமையல் வேலை பார்த்தபோது பழகியது இந்த அடுப்பு. அங்கே தங்கியிருந்த கொரியாக்காரர்கள் ஊர் திரும்பும்போது அதை அவளிடமே விட்டுவிட்டுப் போனார்கள். புகையில் நிதானமாக வேக வைக்கத்தான் அது லாயக்கு, பெரிய சூடு வராது, மேல்தோல் முறுகாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். லில்லிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. வராது என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். எத்தனையோ கோழிகளைப் பாழாக்கிப் பாழாக்கித் தானே கண்டுபிடித்தாள். குழியில் சாம்பல் துளியும் இருக்கக் கூடாது. முதலில் குறைந்த சூட்டில் கறியின் உள்ளே வெந்துவிட வேண்டும். எடுத்து வெளியே வைத்துவிட்டு, அடுப்பை உச்சத்துக்கு ஏற்றி, நெருப்புக்கு நேர் மேலே கனத்த வார்ப்பிரும்புக் கல் ஒன்றை வைத்து மூடிவிட வேண்டும். கல் காய்ந்து நிற்கும்போது, ஈரம் போகத் துடைத்த கறியை அதன் மேல் போட வேண்டும்.

"ஸ்ஸ்ஸ்னு சத்தம் வரணும். புஸ்ஸுனு வந்துச்சுனா கல்லு காயல. கருகறது வேற, செவக்கறது வேற. கறிக்கு மூஞ்சி செவக்கணும்பா, மூஞ்சி."

ஒருநாள் இரண்டு கல்லூரி மாணவர்கள் சாப்பிட்டுக்கொண்டே, பெல்லட் அடுப்பில் இப்படி வராது என்று நெட்டில் போட்டிருக்கிறதே என்றார்கள். லில்லி தட்டில் கிடந்த துண்டைத் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கமும் தேன் நிறத்தில் மொறுமொறுவென்று இருந்தது. "வராதுன்னா இது இன்னா? எங்க வூட்டுக்காரரு பெயின்ட் அடிச்சாரா?"

வீட்டுக்காரர் சிட்டிபாபு உண்மையிலேயே பெயின்டர். பகலில் கட்டடங்களுக்குச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் அடித்துவிட்டு, மாலையில் குளித்துத் தலைவாரிக் கடைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். தங்கமான மனிதர். அவருக்கு அடுப்பை எந்தப் பொத்தானில் போடுவது என்பது தெரியும், எதில் அணைப்பது என்பதும் தெரியும். ஆனால் ஆள் ஆறடி உயரம், கிருதாவோடு சேர்ந்த பெரிய மீசை. வருகிறவர்கள் நேராக அவரிடம் போய், "மாஸ்டர், சாப்ஸ் ரெண்டு பிளேட்" என்பார்கள். மாட்டுக்கறி இருக்கிறதா என்று கேட்பவர்களும் அவர் காதில்தான் கிசுகிசுப்பார்கள். "அத ஏன்யா அவரு காதுல சொல்ற? போர்டுலயே எழுதிக்கீதே, சத்தமாக் கேளு!" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

"மாஸ்டர் அவரு இல்ல, நான்" என்று லில்லி முதலில் பொறுமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் சிரிப்பார்கள். ஏதோ புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். "மீசையிலயா கறி வேவுது?" என்று அவள் கத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த நிலையில்தான் விக்ரம் வந்தான். ஊர் ஊராகப் போய்ச் சாப்பாட்டுக் கடைகளை வீடியோ எடுத்துப் போடுகிறவன். லில்லி கல்லில் கறியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது காமிராவை நீட்டினான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கங்க. மாஸ்டர் ஃபேஸ் மறைக்குது."

லில்லிக்கு ஒரு கணம் புரியவில்லை. திரும்பிப் பார்த்தால் சிட்டிபாபு நாற்காலியை விட்டு எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் நிற்கிறார். விக்ரம் அவள் கையிலிருந்த இடுக்கியை வாங்கி அவரிடம் கொடுத்தான். அவரும் வாங்கிக்கொண்டார். அவள் போட்டு, அவள் திருப்பி, அவள் எடுக்கவேண்டிய கறியை அவர் தூக்கிக் காட்டி, "எல்லாம் அனுபவம்தான் சார்" என்றார். மறுநாளே ஊரெல்லாம் வீடியோ. காஞ்சிபுரத்தின் கிரில் மாஸ்டர் சிட்டிபாபு. அதில் லில்லியின் முழங்கை மட்டும் ஓர் ஓரமாக வந்து போனது.

"ஒனுக்கு வாயி இல்ல? எம் பொண்டாட்டிதான் செய்யறான்னு சொன்னா நாக்கு அழுவிப் பூடுமா?"

"வியாபாரத்துக்குத்தான்மா. யாரு பேரு வந்தா இன்னா, நம்ம கட தான?"

"அப்ப எம் பேரு வந்துட்டுப் போவட்டுமே!"

அவர் தலையைச் சொறிந்தார். அன்று முதல் லில்லி அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கூட்டம் பெருகியது. பெருகிய கூட்டம் முழுக்க மாஸ்டரோடு நின்று படம் எடுத்துக்கொண்டது.

பட்டுக்கடை மயில்வாகனத்தின் ஆட்கள் கூப்பிட்டதும் அந்த வீடியோவைப் பார்த்துத்தான். திருமுக்கூடல் போகிற வழியில், பாலாற்றங்கரையில் அவருக்கு ஒரு தோப்பு வீடு இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் விருந்து, மாஸ்டரே வந்து ஆட்டுச் சாப்ஸ் போட்டுத் தரவேண்டும். சிட்டிபாபு லில்லியைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகு மெல்ல இன்னொன்றையும் சொன்னார்.

"அந்த அடுப்புல மாட்டுக்கறி போட்டிருப்பீங்க, நல்லாக் கழுவிட்டு, ஒரு கற்பூரம் காட்டிக் கொண்டாங்கன்னாங்க."

லில்லி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "நீ இன்னா சொன்ன?"

"சரின்னேன்."

"சரின்னியா? கடையாண்ட காரு போட்டுக்கினு வந்து கண்ணாடியக் கொஞ்சூண்டு எறக்கி மாட்டுக்கறி வாங்கினு போறானுங்களே, அவனுங்க வாய்க்கு எவனாவது கற்பூரம் காட்டறானா? தெனம் சாம்பல் வாரி, தேச்சுத் தொடச்சு வெக்கறேன், எங் கையி இன்னா தீட்டா?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததற்காகவே கோபம் இன்னும் ஏறியது. "ஒன்னத்தான கூப்ட்டாங்க? நீயே போ. நான் வர மாட்டேன்."

வீம்புக்குச் சொல்கிறாள், காலையில் கிளம்பிவிடுவாள் என்று அவர் நினைத்தார். காலையில் லில்லி தலைக்குக் குளித்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து முந்தின இரவே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருந்த அடுப்பைக் குட்டி யானை வண்டியில் ஏற்ற இரண்டு ஆட்கள் வந்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி தெருமுனை தாண்டிய பிறகு உள்ளே போனவள், அடுப்பு இருந்த மூலையைப் பார்த்தாள். வார்ப்பிரும்புக் கல் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

"கல்ல வுட்டுட்டுப் பூடுச்சு இந்த மனுசன்."

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாகப் படட்டும் என்று காபி போட்டுக் குடித்தாள். காபி உள்ளே இறங்கவில்லை. நல்ல ஆட்டுக்கறி இந்நேரம் ஈரம் சொட்டச் சொட்ட அரைச் சூட்டில் கிடக்கும் என்ற நினைப்பு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது. அந்தச் சமயம் போன் அடித்தது.

"லில்லி, கறி செவக்கவே மாட்டேங்குதுமா. வெளுத்துப் போய்க் கீது. சுத்தி எல்லாரும் நிக்கறாங்க."

"மாஸ்டர் தான நீ? செவக்க வையி."

"வெளாடாதமா. தண்ணி விட்டுக்கினே இருக்குது."

"எத்தினி தபா மூடியத் தொறந்த?"

"அது வந்துமா…"

"எத்தினி தபாயா?"

"வர்றவங்க எல்லாம் பாக்கணும்னாங்க. காட்டினேன்."

லில்லி போனைத் துண்டித்தாள். வாசல் வரை போனாள், திரும்பி வந்தாள். பிறகு அவளே கூப்பிட்டாள். "கறிய எடுத்து வெளிய வெய்யி. வேற எதையும் தொடாத. நான் ஒனுக்கோசரம் வரல. அந்த ஆடு இன்னா பாவம் பண்ணுச்சு?"

கல்லைச் சாக்கில் சுற்றி டிவிஎஸ் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, வெயிலில் தோப்பு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மாமரத்தடியில் ஒரே கூட்டம். நடுவில் சிட்டிபாபு, சட்டை நனைந்து, கையில் இடுக்கியோடு, தொலைந்துபோன பிள்ளை மாதிரி நின்றார். மயில்வாகனம் மரியாதைக்காரர்தான். எழுந்து வந்து விசாரித்தார்.

"வாங்கம்மா. மாஸ்டருக்கு ஹெல்பரா?"

லில்லி கணவனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

"ஆமாங்க. வீட்டுக்காரம்மா. ஹெல்ப்புக்கு வரச் சொன்னேன்."

சுற்றி நின்றிருந்த கூட்டத்தை லில்லி கையால் விலக்கினாள். அடுப்பை அணைத்து, சூட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு கறி வைக்கும் கம்பிகளைக் கழற்றினாள். குழி நிறையச் சாம்பல். கரண்டியால் வாரி இரும்புச் சட்டியில் போட்டாள். நெருப்பைத் திரும்ப மூட்டி, உச்சத்துக்குத் திருகி, கல்லை நெருப்புக்கு நேர் மேலே வைத்து மூடினாள். மூடியில் முதுகைச் சாய்க்காத குறையாக அதன் முன்னால் நின்றுகொண்டாள். ஒரு பெரியவர் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வந்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

கல் காய்கிற நேரத்தில் சாப்ஸை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் ஒற்றி ஒற்றி ஈரத்தைப் போக்கினாள். நல்லவேளை, உள்ளே பதமாக வெந்திருந்தது. மெல்லிசாக எண்ணெய் தடவினாள். மூடியைத் திறந்து முதல் துண்டைப் போட்டாள்.

ஸ்ஸ்ஸ்.

பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கொழுப்பு உருகும் வாசனையும் மரப்புகையும் சேர்ந்து தோப்பு முழுக்கப் பரவின. அவள் அமுக்கவில்லை, நகர்த்தவில்லை, போட்ட இடத்திலேயே விட்டாள். கல்லை விட்டுத் தானாகக் கழன்று வந்தபோதுதான் திருப்பினாள். தேன் நிறத்தில், ஓரம் மட்டும் கறுத்து, முகம் சிவந்து வந்தது கறி. ஒரு சின்னப் பெண் கை தட்டியது. பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

"மாஸ்டர்னா மாஸ்டர்தான்!" என்றார் மயில்வாகனம். உள்ளே ஆளனுப்பி ஒரு பொன்னாடை வரவழைத்தார். சரிகை மின்ன மின்ன அதை விரித்து, சிட்டிபாபுவின் தோளில் போர்த்தினார். எல்லோருடைய செல்போன்களும் உயர்ந்தன.

"சார், அது வந்து, நான் இல்ல…" என்று சிட்டிபாபு தொடங்கினார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை. அவர் இரண்டாம் தடவை சொல்லவும் இல்லை.

முதல் தவணையை எடுத்த கல்லில் கொழுப்பு திரண்டு நின்றது. அடுத்த தவணை போடுவதற்குள் அதை வடித்தாக வேண்டும். எடுக்கப் போனால், கழற்றி வைத்த கையுறை எண்ணெயில் ஊறிக் கிடந்தது. லில்லி நிமிர்ந்து நான்கு எட்டு நடந்து கணவனிடம் வந்தாள். படம் எடுக்கத்தான் வருகிறாள் என்று எண்ணிச் சிலர் வழிவிட்டார்கள். அவள் அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவினாள். நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள், இன்னொரு மடிப்பும் மடித்தாள். அதைப் பிடிதுணியாக வைத்துக் கொதிக்கும் கல்லைத் தூக்கினாள். தொங்கிய முனை ஒன்று இரும்பில் பட்டுச் சுருண்டது. பட்டு எரிந்தால் முடி கருகும் வாசனை வரும் என்பது அந்த ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். வந்தது பிளாஸ்டிக் நாற்றம். யாரோ இருமினார்கள். உயர்ந்திருந்த செல்போன்களை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் எல்லோரும் பட்டுக்கடைக்காரரைப் பார்த்தார்கள்.

லில்லி யாரையும் பார்க்கவில்லை. கொழுப்பை நிதானமாகச் சட்டியில் சாய்த்து வடித்தாள். கல்லைப் பழைய இடத்தில் வைத்து மூடினாள். பிறகு பொன்னாடையை உதறி விரித்து, கருகாத முனையைத் தேடியெடுத்து, நெற்றியிலும் கழுத்திலும் வழிந்த வியர்வையை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.