படியிறங்கும்போது கூப்பிடுவது

மூட நம்பிக்கைகளுக்குக் காரணம் சொல்வதில் நான் பெரிய கெட்டிக்காரி. விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக்கூடாதா? அந்தக் காலத்தில் வெளிச்சம் போதாது, விரலை வெட்டிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான் என்பேன். வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்பதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். எங்கள் கண்டிப் பக்கத்துப் படிகளில் சட்டென்று திரும்பினால் கால் வழுக்கும். இதையெல்லாம் சொல்லி அம்மாவைச் சீண்டுவது எனக்கு வழக்கம்.

அப்பா என் கல்யாணம் பேசப் பேராதனைக்குப் புறப்பட்ட காலை, அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கே போனதோ தெரியவில்லை.

குண்டசாலையில் எங்கள் வீடு ரோட்டுக்கு மேலே, முப்பது படி ஏறவேண்டும். அப்பா நல்ல நேரம் பார்த்து, புதுச் சட்டை போட்டு இறங்கினார். பழைய சட்டை கதிரைச் சாய்மானத்தில் கிடந்தது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைப் போத்தல் அதன் பையிலேயே இருந்ததை அம்மா கண்டுவிட்டார். வாசலுக்கு ஓடி வாயைத் திறந்தவரை நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பின்னால கூப்பிடாதீங்கம்மா. என் காரியமாப் போறாங்க."

ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. எனக்குப் பயம். போத்தலை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கி ஓடினேன். பஸ் போய்விட்டது. ஓட்டோ பிடித்துத் துரத்தினேன். டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் அப்பாவைப் பஸ்ஸிலிருந்து இறக்கி ரோட்டோரம் கிடத்தியிருந்தார்கள். புதுச் சட்டையின் பொத்தான்களை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். மூச்சு இல்லை. போத்தல் என் கையில் இருந்தது.

மாத்திரை இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்லமுடியாது என்றார் டாக்டர். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரு வருடம் கழித்து அதே சம்பந்தம்தான் முடிந்தது. இப்போது என் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும், அவர் வாசற்படி தாண்டிய பிறகு பின்னாலிருந்து ஒரு தடவை கூப்பிட்டாக வேண்டும். அவர் நின்று திரும்பி, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். என் கணவர் சிரித்துக்கொண்டே செய்வார். பக்கத்து வீட்டார் இது ஆகாத பழக்கம் என்று சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார்கள்.

போன வாரம் என் ஏழு வயது மகள், பள்ளிக்கூட வேனுக்கு இறங்கும்போது நான் கூப்பிட்டதும் திரும்பி நின்று கேட்டாள்.

"ஏம்மா எப்பவும் கூப்பிடுறீங்க?"

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறவள் நான்.

"கூப்பிடாம போகக்கூடாது" என்றேன். "அவ்வளவுதான்."