மூலம் என்று சொன்னவர்கள்

மலத்தோடு இரத்தம் போன முதல் நாள், முந்திய நாள் சாப்பிட்ட பீட்ரூட் கறியின் மேல் பழியைப் போட்டேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் வீட்டில் பீட்ரூட்டே இல்லை.

நான் தரம் பத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கல்முனைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் பதினொரு வருடமாகச் சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். பெருங்குடல் நீரை உறிஞ்சும் என்று எழுதிய பிள்ளைகளுக்குப் புள்ளியும் போட்டிருக்கிறேன். என்னுடைய பெருங்குடல் அந்த வேலையை விட்டுவிட்டது என்று விளங்க எனக்கு ஏழு மாதம் எடுத்தது. மற்றவர்களை ஏசப் போகிறேன். அதற்கு முதல் இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சுபஹு தொழுது தேத்தண்ணி குடிப்பதற்குள் மூன்று தரம் கக்கூசுக்குப் போவேன். பெரிதாக ஒன்றும் வராது. கொஞ்சம் சளி, கொஞ்சம் இரத்தம், இன்னும் மிச்சம் இருக்கிறது என்ற எண்ணம். எழும்பி வந்தால் திரும்பவும் ஓட வேண்டும். அடக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடசாலைக்கு ஓட்டோவில் போகும் பத்து நிமிடமும் வழியிலுள்ள பள்ளிவாசல், தெரிந்தவர் வீடு, பெற்றோல் நிலையம் என்று எண்ணிக்கொண்டே போவேன். இறங்க வேண்டி வந்தால் எங்கே இறங்குவது?

என் கணவரிடம் முதல் வாரத்திலேயே சொன்னேன்.

"மச்சான், எனக்கு வெளிக்குப் போனா இரத்தம் போகுது. சளியும் போகுது."

"மூலமாக்கும். உடம்புச் சூடு. இளநி குடி."

அவ்வளவுதான். அவருக்குச் சவளக்கடை என்ற ஊரில் வயல். அந்த வயலின் ஒரு மூலையில் நாலு பயிர் மஞ்சளித்தால் அன்று பின்நேரமே வேரோடு பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, விவசாயப் போதனாசிரியரைத் தேடிப் போவார். எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், இலையின் நுனியிலா அடியிலா என்று அவர்கள் இருவரும் அரை மணித்தியாலம் கதைப்பார்கள். எனக்கு இளநி.

இளநியால் ஒன்றும் ஆகவில்லை என்றதும் பாமசிக்குப் போனேன். அந்த பாமசிக்காரர் ஊரில் பாதிப் பேருக்கு டொக்டர். மெதுவாகத்தான் சொன்னேன்.

"மூலமா டீச்சர்?" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். பனடோல் வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என் மாணவி ஒருத்தியின் வாப்பா.

பூசுவதற்கு ஒரு களிம்பும், மலம் இளகுவதற்கு ஒரு போத்தல் மருந்தும் தந்தார்.

"இளகத்தானே போகுது. தண்ணியாப் போகுது," என்றேன்.

"அது அப்படித்தான் டீச்சர். உள்ளுக்கு இறுகியிரிக்கும். இத எடுங்க, எல்லாம் சரியாகிரும்."

ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஓடுகிறவளுக்குப் பேதி மருந்து. கொடுத்தவரைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதை வாங்கி, மூடியைத் திறந்து, இரண்டு கரண்டி ஊற்றிக் குடித்தவளும் நான்தான்.

பிறகு பின்நேரங்களில் நோயாளர் பார்க்கும் ஒரு டொக்டரிடம் இலக்கம் எடுத்துப் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

"என்ன செய்யுது?"

"மூணு மாசமா வயித்தால போகுது டொக்டர்..."

"உறைப்புச் சாப்பிடுவீங்களா?"

"ஓம், ஆனா..."

"குறைங்க."

பேனை ஓடத் தொடங்கிவிட்டது. இரத்தம் என்றேன். மூலமும் இருக்கும் என்றார். நிறை குறைகிறது என்றேன். நல்லதுதானே என்று சிரித்தார். மருந்துத் துண்டை வாங்கி நான் எழும்புவதற்குள் அடுத்த நோயாளி கதிரையில் பாதி உட்கார்ந்துவிட்டா. அவவும் எதையோ ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்திருப்பா, பாவம்.

இவ்வளவுக்கும் சிகரம் வைத்தது சம்மாந்துறைக் கலியாணம். கணவரின் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு. சஹன் என்ற பெரிய பொதுத் தட்டைச் சுற்றிப் பெண்கள் ஆறு பேர் உட்கார்ந்தோம். எனக்கு வாயெல்லாம் சிறு சிறு புண். புரியாணியின் உறைப்புப் பட்டதும் கண்ணீர் வந்தது. இரண்டு பிடி சாப்பிட்டதும் எழும்பி ஓடினேன். வந்து உட்கார்ந்தேன். திரும்பவும் ஓடினேன். மூன்றாம் தரம் வந்தபோது மாமி, என் கணவரின் உம்மா, என்னை ஓரமாகக் கூப்பிட்டா.

"எத்தின மாசம் புள்ள?"

"என்னது மாமி?"

"மறைக்காத. எழும்பி எழும்பி ஓடுறாய். முகமும் வெளிறிப் போய்க் கிடக்கு. எங்களுக்குத் தெரியாதா?"

இல்லை என்று நான் சொன்னதை அவ வெட்கம் என்று எடுத்துக்கொண்டா. கடைசி இனிப்பான வட்டிலப்பம் வருவதற்குள் மண்டபம் முழுக்க எனக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து என் வாயில் வட்டிலப்பம் ஊட்டிவிட்டு துஆச் செய்தா. என் நிறை ஒன்பது கிலோ இறங்கி, அபாயா கொடியில் காயப்போட்டது போல் என் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கர்ப்பம் என்று கண்டுபிடித்த அத்தனை அனுபவசாலிகளில் ஒருத்தியாவது, பிள்ளைத்தாய்ச்சி ஏன் இப்படி வற்றிப்போகிறாள் என்று கேட்டிருக்கலாம்.

அந்தக் கிழமையே வலது முழங்கால் வீங்கியது. வாதம் என்றார்கள், எண்ணெய் வந்தது. ஒரு கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் நொந்தது. கண்நோய் என்றார்கள், பாமசியிலிருந்து சொட்டு மருந்து வந்தது. பின்நேரங்களில் உடம்பு இலேசாகக் காய்ந்தது. பனடோல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு போத்தலும் கிடைத்தன. இவையெல்லாம் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விஞ்ஞான டீச்சருக்கும் தோன்றவில்லை.

பாடசாலை மாடிப்படியில் நான் மயங்கி விழுந்த பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போனேன் என்பதைவிட, சக ஆசிரியைகள் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை தங்கவில்லையாம் என்று அன்றைக்கே சம்மாந்துறைக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அங்கே இருந்தது ஒரு இளம் பெண் டொக்டர், தமிழ்ப் பிள்ளை. என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தா. இரத்தம் மிகக் குறைவு என்றா. பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினா.

"இரத்தம் கடைசியில சொட்டுச் சொட்டா வருதா டீச்சர், இல்ல மலத்தோட கலந்து வருதா?"

"கலந்து. சளியும் வரும்."

"நித்திரையால எழும்பிப் போறதுண்டா?"

"ஓம். ரெண்டு தரம், மூணு தரம்."

"வாயில புண் வந்ததா? மூட்டு நோ? கண் ஏதும் சிவந்ததா?"

கண்ணைப் பற்றி ஒருத்தி கேட்டுவிட்டா என்பதற்காக நான் அழுதேன். வயிற்றுக்கு வந்த இடத்தில் கண்ணைக் கேட்கிறா. அப்படியென்றால் இது அவவுக்குத் தெரிந்த நோய்.

"மூலத்துக்கு நித்திரை முறிச்சு ஓட வேண்டி வராது. இப்பிடி மெலியவும் மாட்டீங்க," என்றா. "குடலுக்குள்ள அழற்சி மாதிரித்தான் எனக்குப் படுது. கிருமித் தொற்றா எண்டு முதல்ல மலத்தைச் சோதிப்பம். பிறகு கமரா போட்டுப் பாக்க வேணும். அதுக்கு முன்னால நான் பேர் சொல்ல மாட்டன்."

ஏழு மாதத்தில் பெயர் சொல்ல மாட்டேன் என்ற முதல் ஆள் அவதான். மற்ற எல்லாருக்கும் பெயர் தயாராக இருந்தது.

கிருமி இல்லை என்று வந்தது. மட்டக்களப்பில் கமரா போட்டார்கள். நிபுணர் என் கணவரையும் உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய குடல் பச்சை இறைச்சி போல் சிவந்து, இடைக்கிடை புண்ணாகி இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பெருங்குடல் அழற்சி நோய், முற்றாக மாறாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். உறைப்பாலோ சூட்டாலோ வருவதில்லை என்றும் சொன்னார். என் கணவர் தலையாட்டிக்கொண்டேயிருந்தார். திரும்பி வரும் வழியில்தான் வாயைத் திறந்தார்.

"நீ ஒழுங்காச் சொல்லியிருந்தா முந்தியே வந்திருக்கலாமே."

முதல் வாரத்தில் அவரிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் திருப்பிச் சொன்னேன். அவர் இளநி என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். மனிதர் கல்முனை வரும்வரை வீதியைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கிளினிக்கையும் அவர் தவறவிட்டதில்லை. என் கோப்பைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடப்பார், டொக்டர் கேட்டால் எத்தனை தரம் போனேன் என்பதையும் அவரே சொல்வார். இதுவும் ஒரு தொல்லைதான்.

ஸ்டீரொய்ட் குளிசையில் இரத்தம் நின்றது. முகம் பூசணிக்காயாக ஊதியது. மாமி வந்து என் கன்னத்தைத் தடவினா.

"மாஷா அல்லாஹ், இப்பதான் புள்ள ஆரோக்கியமா இரிக்காய்."

எலும்பாக இருந்தபோது கர்ப்பிணி, மருந்தில் வீங்கியபோது சுகதேகி. அவவின் வைத்தியத்தோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

போன பாடசாலைத் தவணையில் எங்கள் ஓய்வறையில் ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தனக்கும் இரத்தம் போகிறது என்றா. நான் உடனே ஆஸ்பத்திரி டொக்டராகிவிட்டேன். கலந்தா, கடைசியிலா? நித்திரை முறிகிறதா? நிறை, காய்ச்சல், மூட்டு, கண்? கடைசியில் சொட்டுச் சொட்டாக என்றா. மற்றது ஒன்றும் இல்லை என்றா. அது பெரும்பாலும் மூலமாக இருக்கலாம், ஆனாலும் மூலம்தான் என்று நீங்களும் சொல்லாதீங்க, நானும் சொல்ல மாட்டேன், போய்க் காட்டுங்க என்றேன். வெளிறிய முகத்தோடு போனா. டொக்டர் உள்ளே சோதித்துப் பார்த்துவிட்டு வெறும் மூலம் என்று அனுப்பிவிட்டார்.

இரண்டு கிழமை அவவுக்கு நித்திரையில்லாமல் பண்ணிவிட்டேனாம். அதிலிருந்து அவ என்னோடு கதைப்பதில்லை. தேத்தண்ணிக் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டா. போகட்டும். ஒருவர் உள்ளே பார்த்த பிறகு மூலம் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த மரியாதை கிடைக்க நான் படியில் உருள வேண்டியிருந்தது.