நிரம்பியபடியே திரும்பிய பாட்டில்

கட்டடம் எழும்பும் இடங்களில் கோபுரம் போல் நிற்குமே கிரேன், அதன் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து ஓட்டியவர் என் வீட்டுக்காரர். கீழே இருந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மேலிடம்’. வீட்டில் அந்த மேலிடத்தின் பேச்சு எடுபடாது. அது வேறு கதை.

காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் சிறுநீர் கழிக்க இறங்கினால் கீழே மொத்த வேலையும் நிற்கும், மேஸ்திரி கத்துவார். அதனால் தண்ணீரே குடிக்க மாட்டார். நான் நிரப்பிக் கொடுக்கும் பாட்டில் அப்படியே திரும்பி வரும். எரிச்சலில் அதை வாசல் செடிக்கு ஊற்றுவேன். செடி நன்றாகத் தழைத்தது. முதுகுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரையைக்கூட எச்சிலிலேயே விழுங்குகிற மனுஷன்.

ஓய்வு பெற்ற பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே திடீரென்று நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்லடி. கூண்டு ஆடுது.”

காற்றடித்தால் கிரேன் ஆடுமாம். அத்தனை வருஷம் ஆடிப் பழகிய உடம்பு, இறங்கியும் ஆடுகிறது என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். மகள்தான் நம்பவில்லை.

“வேலைய விட்டு எத்தன வருஷம் ஆச்சு! இன்னுமாப்பா ஆடும்?” என்று சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள்.

கூண்டு ஆடவில்லை. நெஞ்சுதான் தாளம் தப்பி அடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதோடு நிறுத்தவில்லை. சிறுநீரகமும் முக்கால்வாசி போய்விட்டது என்றார்.

“நெஞ்சுக்கும் கிட்னிக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டேன்.

“நெறைய இருக்கும்மா. கிட்னி கெட்டா உப்பும் தண்ணியும் உடம்புலயே தேங்கும், பிரஷர் ஏறும், இதயத் துடிப்பு தடுமாறும். துடிப்பு தடுமாறினா கிட்னிக்குப் போற ரத்தம் கொறையும். ஒண்ண ஒண்ணு கெடுத்துக்கிட்டே போகும். வயசானவங்ககிட்ட நெறைய பாக்குறோம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்.”

கடைசியில் எல்லா டாக்டரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இப்போது டயாலிசிஸில் ஓடுகிறது உயிர். தண்ணீரை அளந்துதான் கொடுக்க வேண்டும். கூடினால் நுரையீரலில் கோத்துக்கொள்ளும், நெஞ்சு மறுபடி தறிகெட்டு அடிக்கும். போன மாதம் அப்படித்தான், எனக்குத் தெரியாமல் குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டுச் சாகக் கிடந்தார்.

நேற்று மத்தியானத்துக்குள் அன்றைய பங்கு தீர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வாய் குடுடி. ஒரே ஒரு வாய்.”

“முடியாதுங்க.”

“என் பாட்டில் எங்க? தெனமும் குடுத்து அனுப்புவியே.”

அதை ஒளித்து வைத்ததே நான்தான். ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்தேன். துணியைப் பல்லால் கவ்வி உறிஞ்ச ஆரம்பித்தார். விடவில்லை. தாடையைப் பிடித்து நான்தான் பிடுங்கினேன்.