முளைக்கு வைத்த பெயர்

ஜெயசெல்வி ஒரு நாளில் நூறு பேருக்கு ஊசி போட்டாலும் நூறு பேரிடமும் பெயரைக் கேட்பாள். ஒரு மாதமாக அதே வார்டில் படுத்திருப்பவரையும் விடமாட்டாள்.

"என்னைத் தெரியாதா சிஸ்டர்?"

"தெரியும். பேரைச் சொல்லுங்க."

பாரூர் ஏரிக் கால்வாயில் மதகு திறந்து மூடுபவரின் மகள் அவள். நர்ஸ் பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில், கட்டிலைப் பார்த்து மருந்து கொடுக்காதே, ஆளைக் கேட்டுக் கொடு என்று சொல்லித் தந்தார்கள். அதற்குப் பிறகு படித்ததில் பாதி மறந்தது. இது மட்டும் மறக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அவளுக்கும் ஜான்பீட்டருக்கும் கல்யாணம் நடந்தது. ஜான்பீட்டர் ஓசூர்ப் பக்கத்தில் கால்நடை மருத்துவர். மாப்பிள்ளை டாக்டர் என்று சொந்தக்காரர்கள் பெருமைப்பட்டார்கள். மாட்டு டாக்டர் என்று தெரிந்ததும் பெருமை கொஞ்சம் இறங்கியது. ஜெயசெல்வி அதைக் கண்டுகொள்ளவில்லை. தன் நோயாளிகளைப் போல அவர் நோயாளிகள் எதிர்த்துப் பேசாது என்பதில் அவளுக்குச் சற்றுப் பொறாமை மட்டும் உண்டு.

ஜான்பீட்டருக்கு ஓர் ஆசை இருந்தது. முப்பது வயது நிறையாத கால்நடை மருத்துவர்களின் சிறந்த ஆராய்ச்சிக்கு மதராஸில் ஒரு சங்கம் வருஷந்தோறும் வெள்ளிப் பதக்கம் கொடுத்து வந்தது. ஒருமுறை அனுப்பிப் பார்த்தார், திரும்பி வந்துவிட்டது. அறுபத்தெட்டு டிசம்பரில் அவருக்கு முப்பது முடிகிறது. அதனால் அந்த அக்டோபர்தான் கடைசி வாய்ப்பு.

ஆராய்ச்சி மடிநோயைப் பற்றியது. கறப்பதற்கு முன்னும் பின்னும் மடியையும் கையையும் ஊதா மருந்துத் தண்ணீரில் கழுவினால் நோய் எவ்வளவு குறையும் என்பது கேள்வி. மூக்கண்டப்பள்ளியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வீட்டுக்கு ஒன்றாக நாற்பது மாடுகள். மருந்து கொடுப்பதற்கு முந்தைய வருஷம் அந்த வீடுகளில் பதினெட்டு மாடுகளுக்கு நோய் இருந்தது. மருந்து கொடுத்த வருஷத்தில் மூன்றே மூன்று. வீட்டுக்குள் நடக்கும்போதே ஜான்பீட்டர் பதக்கம் குத்திய ஆள் போல நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்.

அனுப்ப எட்டு நாள் இருக்கையில், ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்ததும், குறிப்பு நோட்டை நல்ல கையெழுத்தில் படியெடுக்க ஜெயசெல்வி உட்கார்ந்தாள். பன்னிரண்டாவது மாட்டில் பேனா நின்றது.

"ஏங்க, நாராயணம்மா வீட்டு கௌரி பிப்ரவரியில நாலாம் ஈத்து. ஆகஸ்ட்ல ரெண்டாம் ஈத்துன்னு இருக்கு. மாடு திரும்பி வயசு குறையுமா?"

"ராயப்பன் தப்பா எழுதியிருப்பான். நாலுன்னே போடு."

"நான் பாக்காததை எப்படிப் போடுறது?"

மறுநாள் காலை சைக்கிள் பின்சீட்டில் அவளும் ஏறிக்கொண்டாள். மாட்டாஸ்பத்திரி உதவியாளர் ராயப்பன் இன்னொரு சைக்கிளில் வந்தார்.

நாராயணம்மா தெலுங்கில் கொஞ்சி மாட்டை வெளியே இழுத்து வந்தாள். "ரா கௌரி, ரா." செவலைச் சிந்தி மாடு, வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"இது பிப்ரவரியில இருந்த மாடுதானாம்மா?" என்றாள் ஜெயசெல்வி.

"அது ஏதுங்க? அதைச் சித்திரையில சந்தைக்கு ஓட்டிட்டாங்க. காம்புல ரெண்டு கல்லாட்டம் ஆயிடுச்சு."

"அப்ப கௌரிங்கிறது?"

"இந்த முளையில கட்டுனா கௌரிதாங்க. எங்க மாமியார் காலத்துல இருந்து கௌரி. பேரை மாத்துனா முளையில லச்சுமி தங்காதுங்க."

ஜான்பீட்டர் ராயப்பனைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியுங்களே சார்."

"ஏன் சொல்லல?"

"கௌரி எங்கேன்னு கேட்டீங்க. காமிச்சேன்."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஊரில் எல்லாமே செவலை மாடு. ஜான்பீட்டரோ ஒரு வருஷமாக அவற்றை மடிப்பக்கம் குனிந்து மட்டுமே பார்த்தவர்.

நான்கு நாளில் நாற்பது வீட்டையும் சுற்றினார்கள். பதினோரு முளைகளில் மாடு மாறியிருந்தது. அதில் ஐந்து வேறு காரணத்துக்காகப் போனவை. ஆறு, மடி கெட்டதால் சந்தைக்குப் போனவை. நோய் வந்த மாடு சத்தமில்லாமல் போய்விட, நல்ல மாடு அதே பெயரில் வந்து நின்றிருக்கிறது. "மாட்டைத்தானே பாக்க வந்தீங்க, எங்களையா கேட்டீங்க?" என்று மாட்டை மாற்றிய வீட்டுக்காரர் கங்கப்பன் நியாயம் பேசினார். மூன்று என்பது ஒன்பதாகிவிட்டது.

அன்று மத்தியானம் ஜான்பீட்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"மதராஸ்ல இருக்கிறவங்களுக்கு கௌரி எந்த கௌரின்னு தெரியவா போகுது? எனக்கு இதுதான் கடைசி, செல்வி."

"எங்க வார்டுல ஏழாம் நம்பர் கட்டில்ல இருந்தவர் போன வாரம் செத்துட்டார். அடுத்து வந்தவர் நேத்து நடந்தே வீட்டுக்குப் போனார். ஏழாம் நம்பர் குணமாயிட்டார்னு எழுதட்டுமா?"

ஜான்பீட்டர் ரசம் ஊற்றச் சொன்னார். சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவியதும் அட்டவணையைக் கிழித்துப் போட்டார்.

பதினெட்டு ஒன்பதானது என்றும், போன மாடுகள் எவை, ஏன் போயின என்றும், பெயரை மட்டும் கேட்டு எழுதியதால் நேர்ந்த தவறு இது என்றும் புதிதாக எழுதினார். கடைசி நாள் தபாலில் கட்டு போய்ச் சேர்ந்தது.

ஜனவரியில் கடிதம் வந்தது. பதக்கம் வேறு ஒருவருக்கு. அவருடைய அட்டவணை மிகச் சுத்தமாக இருந்ததாம். ஜான்பீட்டருக்குப் பாராட்டுச் சீட்டு ஒன்று. அதோடு தேர்வாளர் ஒருவர் கையாலேயே எழுதிய நாலு வரி: முளை விஷயத்தைப் படித்த பிறகு மற்றவர்களின் மாடுகள் மேலும் தமக்குச் சந்தேகம் வந்துவிட்டதாகவும், அடுத்த வருஷம் முதல் காதில் எண் இல்லாத மாட்டைக் கணக்கில் எடுப்பதில்லை என்று விதி போடப்போவதாகவும்.

ஜான்பீட்டர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் பித்தளையில் நாற்பது காது வில்லை அடிக்கச் சொல்லி ஓசூரில் கொடுத்துவிட்டு வந்தார். வயது தாண்டினாலும் ஆராய்ச்சியை இன்னொரு வருஷம் நடத்தப்போவதாகச் சொன்னார். பதக்கம் கிடையாது என்று தெரிந்தும் சொன்னதால், ஜெயசெல்வி அன்று கோழி வாங்கினாள்.

முதல் வில்லை நாராயணம்மா வீட்டு மாட்டுக்கு, நோட்டில் இருந்தபடியே எண் பன்னிரண்டு. ஆடி மாதம் அந்த வில்லையைக் கையில் பிடித்துக்கொண்டு நாராயணம்மாவே மாட்டாஸ்பத்திரிக்கு நடந்து வந்தாள்.

"கௌரியை வித்துட்டோமுங்க. புதுசு வந்திருக்கு. இந்த நம்பரையே இதுக்கும் போட்டுடுங்க, ராசியான நம்பர்."

ஜான்பீட்டர் வாயைத் திறப்பதற்குள், அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த ஜெயசெல்வி வில்லையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, நோட்டை எடுத்தாள்.

"புது மாட்டுக்கு நாப்பத்தொண்ணு. இப்ப சொல்லுங்க, பழசு எதுக்காகப் போச்சு?"