நைனா வீசிய ஹை-ஹாட்

விடியற்காலையில் படகில் ஏறினால் முதலில் மூக்கில் ஏறுவது டீசல் வாடை, அப்புறம் காயாத வலையின் உப்பு வாடை... நினைத்தால் இப்போதும் வருகிறது.

அப்போது பழவேற்காட்டு வீட்டின் மூலையில் உட்கார்ந்து, பழைய லேப்டாப்பில் சொந்தமாகப் பாட்டு அமைத்துக்கொண்டிருந்தேன். 'தும் தும்' என்று கிக் டிரம் ஒரே சீராக, நிற்காமல் விழுமே, அந்த டீப் ஹவுஸ் நடன இசை. நான் அனுப்பும் பாட்டைச் சென்னையில் ஒரு சின்ன மியூசிக் கம்பெனி ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியது.

"கிக்ல உயிரே இல்லீங்க."

அடுத்த பாட்டும் திரும்பினால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியாகிவிட்டது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உயிருள்ள ஒரு கிக் சத்தத்தைத் தேடிக் கண்டதையெல்லாம் தட்டிப் பார்த்தேன். கதவு, பிளாஸ்டிக் குடம், மீன் பெட்டி... எதைத் தட்டினாலும் மேலே 'டக்' என்று கேட்கும், அடியில் ஒன்றும் இருக்காது. கடைசியில் அப்பாவின், அதாவது எங்கள் நைனாவின், ஃபைபர் படகு. கட்டையால் தட்டினால் வயிற்றில் அதிரும்.

ஏரி நடுவில் எஞ்சினை நிறுத்தினோம். வீச்சுவலை வழக்கம்போல நைனாவின் தோளில். "பேசாத, அசையாத நைனா" என்று சொல்லிவிட்டுப் போனில் ரெக்கார்டிங் போட்டேன். நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

தட்டினேன். தும்ம்ம்...

உடனே, ஷ்ஷ்ஷ்!

எங்கள் ஏரியில் ஒருவர் படகைத் தட்டி மீனைக் கிளப்புவார், சத்தம் கேட்டதும் இன்னொருவர் வலை வீசுவார். நைனாவுக்குக் கை தானாகப் போய்விட்டது. வலையின் ஈயக் குண்டுகள் தண்ணீரில் சிதறி விழுந்த சத்தம் அது.

"இன்னா நைனா பண்ணிட்ட!"

"நீ தட்டுன... வீசிட்டேம்மா. தோ பாரு, மடவை மீனு மாட்டிக்கிச்சு!"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்கு வந்து அந்த ஷ்ஷ்ஷை வெட்டி எறிய உட்கார்ந்தவள், சும்மா திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். தும்... ஷ்ஷ். தும்... ஷ்ஷ். இரண்டு கிக்குக்கு நடுவில், டிரம் செட்டின் ஜால்ராவான ஹை-ஹாட் விழ வேண்டிய அதே இடம்! கிக்கின் கடைசியில் இழுக்கும் வாலைக் கொஞ்சம் நறுக்கினேன். கிக் விழும்போதெல்லாம் அடியில் ஓடும் பேஸ் சத்தத்தைப் பதுங்கவைத்தேன். அவ்வளவுதான்.

பாட்டை எடுத்துக்கொண்டார்கள். "அந்த ஹாட் எங்க புடிச்சீங்க?" என்று கேட்டார் கம்பெனிக்காரர்.

"அது எங்க நைனாங்க" என்றேன்.

இன்று சென்னையில் எனக்கென்று ஓர் அறை, சுவரெல்லாம் ஃபோம். விதவிதமான கிக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, எல்லாம் சுத்தமான சத்தம். போன வாரம் நைனா வந்தபோது அவற்றை வைத்துச் செய்த புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தாம்மா கீது... இதுல நான் எங்க கீறேன்?"

அந்தப் பாட்டை நான் இன்னும் அனுப்பவில்லை.