தம்பிக்குத் தண்ணீர்

கர்க்லாண்டில் நாங்கள் வீடு வாங்கிய முதல் நத்தாருக்கு என் கணவர் ஒரு உயிர் மரம் வாங்கி வந்தார். வெட்டிய மரமல்ல. வேரும் மண்ணுமாகச் சாக்கில் கட்டி, வாளிக்குள் வைத்த சின்ன ஸ்ப்ரூஸ் மரம். அதற்கு முன்பு அடுக்குமாடியில் இருந்த காலத்தில், ஜனவரி பிறந்ததும் சனங்கள் நத்தார் மரங்களைத் தெருவோரப் பனியில் எறிந்துவிட்டுப் போவதைப் பார்த்து அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

“யேசுபாலனுக்கு நிழல் குடுத்த மரத்தை, மூவிராசாக்கள் திருநாள் முடியக் குப்பையில போடுறாங்கள். உது அடுக்குமோ?”

அடுக்காதுதான். ஆனால் கார்ப்பெட்டில் கொட்டிய மண்ணைக் கூட்டியது நான்.

திருநாள் முடிந்ததும் மரத்தைக் கராஜில் வைத்து, மே மாதம் நிலம் இளகியதும் முன் ஜன்னலுக்கு நேர் கீழே நட்டார். மகளுக்கு அப்போது மூன்று வயது. அவள் உயரம்தான் மரமும். எதிர்வீட்டு இத்தாலியக் கிழவர் தெருவைக் கடந்து வந்து, மரத்தைக் காட்டி, பிறகு எங்கள் கூரையைக் காட்டி, கையை அதற்கும் மேலே உயர்த்திக் காட்டினார். என் கணவர் தெரிந்த பிரெஞ்சில் “மெர்சி, மெர்சி” என்று நன்றி சொல்லித் தலையாட்டினார். “நல்லா வளரும் எண்டு வாழ்த்திப்போட்டுப் போறார்” என்று எனக்கும் விளக்கம் சொன்னார். வீட்டிற்கு இவ்வளவு கிட்டே நடாதே என்று அந்த மனிதர் எச்சரித்தது பத்து வருடம் கழித்து, கிளைகள் ஜன்னல் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கியபோதுதான் எங்களுக்கு விளங்கியது. அதற்குள் அந்த மரத்துக்கு எங்கள் வீட்டில் ‘தம்பி’ என்று பெயராகிவிட்டது. அதன் பிறகு யார் கை வைப்பது?

மரத்தை விற்றவன் அவருக்கு ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தான். இந்த மரங்கள் குளிரில் சாவதைவிடத் தாகத்தில் சாவதுதான் அதிகம், மாரியில் காய்ந்த காற்று இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நிலம் இறுகிக் கிடப்பதால் வேரால் குடிக்க முடியாது, ஆகவே உறைவதற்கு முன்பு வயிறு நிறையத் தண்ணீர் கொடு என்று. என் கணவர் அதைத் திருப்பலிக் கடன் போலப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்க அக்டோபரிலேயே தோட்டக் குழாயைச் சுருட்டிவைத்துவிடும். இவர் நவம்பரில், குளிர் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு, குழாயோடு நிற்பார். காரில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் பெரிய சண்டைகள் எல்லாம் தோட்டக் குழாயைப் பூட்டும், வெளிச்சுவரிலுள்ள அந்த வெளிக் குழாயைப் பற்றித்தான். அதற்குத் தண்ணீர் போகும் வால்வு பேஸ்மென்டில் இருக்கிறது. குளிருக்கு முன்பு அதை மூடாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும்.

“என்னப்பா, பைப் வெடிச்சு வீடு குளமானால் தம்பியோ வந்து இறைக்கப்போறான்?”

“பொறும். இன்னும் ஒருக்கால் விட்டிட்டு மூடுறன்.”

அந்த இன்னும் ஒருக்கால் நவம்பர் கடைசிவரை இழுபடும்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடத்தில் அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் கார்ச் சாவி, பிறகு கோயிலுக்குப் போகும் வழி, பிறகு செபமாலையில் எந்த மணியில் நிற்கிறார் என்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லவாலிலுள்ள தன் வீட்டிலிருந்து வந்த மகளைக் கதவு திறந்து வரவேற்று, “ஆர் பிள்ளை நீர்?” என்று மரியாதையாகக் கேட்டார். அவள் காருக்குள் போயிருந்து அழுதுவிட்டு வந்தாள்.

மகளின் பெயர் போனது. மரம் போகவில்லை. காலையில் ஜன்னலோரக் கதிரையில் கொண்டுபோய் இருத்தியதும் மரத்தைப் பார்ப்பார். “இண்டைக்கு உவன் நல்லாத் தலையாட்டுறான்” என்பார். தேத்தண்ணியைக் கையில் வாங்கும்போது, “தம்பிக்குத் தண்ணி விட்டனீரோ?” என்று கேட்பார். கொட்டும் பனியிலும் கேட்பார். “விட்டனான்” என்று நானும் சொல்வேன். நாள் முழுவதிலும் எங்களுக்கிடையே ஒழுங்காக நடந்த ஒரே பேச்சு அதுதான்.

போன மாரியில் அடித்த ஒரு காற்றில் மரம் வீட்டுப் பக்கம் சரிந்தது. மரம் பார்க்கிற மனிதரைக் கூப்பிட்டேன். நான் பல வருடம் ஒரு கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தை பார்த்தவள், என் பிரெஞ்சு மூன்று வயதுப் பிள்ளைகளின் பிரெஞ்சு. ஆகையால், “மரத்துக்கு எங்கே நோகிறது?” என்றுதான் கேட்க வந்தது. அவர் சிரிக்கவில்லை. அடிமரத்தைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். உள்ளே வெறும் கோது போலச் சத்தம் கேட்டது. ஒரு பக்கம் வீட்டின் கொங்கிரீட்டில் முட்டி வேர் வளரவேயில்லை, அடி உக்கிவிட்டது, கூரையில் விழ முன்பு எடுக்கவேண்டும் என்றார்.

“பச்சையாகத்தானே நிற்கிறது?” என்றேன்.

“இது அக்டோபரிலேயே செத்துவிட்டது, மதாம். குளிரில் பச்சை அப்படியே இருக்கும். வசந்தத்தில்தான் நிறம் மாறும்.”

நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் உள்ளேயிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தார்.

நகரசபை அனுமதி கிடைத்தது. நிலம் இறுகியிருக்கும்போது வெட்டினால்தான் இயந்திரம் புல்லை உழாது என்று மார்ச்சில் நாள் வைத்தார்கள். எனக்கு நித்திரை போனது. மரத்துக்காக அல்ல. இருக்கிற ஒன்றையும் பிடுங்கிவிட்டால் இந்த மனிதர் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பார் என்று பயந்தேன். வெட்டுகிற அன்று மகள் அவரைக் காலையிலேயே லவாலுக்குக் கூட்டிப்போனாள். நான் நின்று பார்த்தேன். ஒருவன் கயிற்றில் ஏறி மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினான். கீழே நின்றவர்கள் கிளைகளை இயந்திரத்துக்குள் தள்ள, அது அரைத்துத் துப்பியது. மத்தியானத்துக்குள் முடிந்தது. வீடெல்லாம் நத்தார் வாசம்.

மகளும் நானும் பொய்கள் சேர்த்து வைத்திருந்தோம். மரத்துக்கு வருத்தம், கொண்டுபோயிருக்கிறார்கள், சுகமானதும் வரும். அவர் அழுதால் என்ன செய்வது, கத்தினால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் பேசியிருந்தோம். பின்னேரம் வந்தார். சப்பாத்தைக் கழற்றினேன். கதிரையில் இருத்தினேன். வெளியே பார்த்தார்.

“நல்ல வெளிச்சமாக் கிடக்கு” என்றார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது கோபம். குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, துவாயை வாயில் அமத்திக்கொண்டு அழுதேன். அவர் அழவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன். அடுத்த நாள் அவர் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிவிட்டு, அந்தக் கேள்விக்காகக் கொஞ்சம் நின்று பார்ப்பேன். அவர் குடிப்பார். அந்த மரம் அங்கே நின்றது என்பதை அறிந்தவள் இனி இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று விளங்கியது.

கோடையில் மகள் அந்த இடத்தில் புல் விதைத்தாள். அக்டோபரில் வந்து வெளிக் குழாய் வால்வை மூடிவிட்டுப் போனாள். இந்த முறை சண்டை பிடிக்க ஆளில்லை.

நவம்பரில் ஒரு பின்னேரம் நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். கதிரையில் அவரைக் காணவில்லை. முன்கதவு திறந்து கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பொத்தானை மாறிப் பூட்டிய கோட்டும் தொப்பியும் வீட்டுச் செருப்புமாக, கராஜிலிருந்து தோட்டக் குழாயை எடுத்து வெளிக் குழாயில் பூட்டி, இழுத்துக்கொண்டுபோய், புல் முளைத்த அந்த இடத்தில் நிற்கிறார். குழாய் வாயை நிலத்தை நோக்கிப் பிடித்திருந்தார்.

“இஞ்சாரும், தண்ணி வரேல்லை.”

“ஆருக்கப்பா தண்ணி?”

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “நிலம் இறுகப்போகுது. பேந்து குடிக்கேலாது.”

அங்கே மரம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டு மாதமாக அவரிடம் சொல்லத் துடித்த சொல் அது. ஆனால் அவருடைய கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டு, பேஸ்மென்டுக்கு இறங்கிப் போனேன்.

வால்வு இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். தலைக்கு மேலே குழாய்க்குள் தண்ணீர் சளசளத்துக்கொண்டு ஓடியது. பேஸ்மென்டின் சின்ன ஜன்னலால் அவருடைய செருப்புக் கால்களும் அதற்கு முன்னால் நனையத் தொடங்கிய புல்லும் தெரிந்தன.

“ஓம், ஓம். இப்ப வருது” என்று மேலேயிருந்து சொன்னார்.

வெடித்தால் வெடிக்கட்டும் என்று, அவர் போதும் என்று சொல்லும்வரை நான் வால்வை மூடவில்லை.