ஆடியில் வாத்தியம் கைமாறும்

1. முதல் நாள்

பம்மலில் தோல் ஷெட்டில் எனக்கு வேலை. முப்பது வயது தாண்டிய பிறகு டிரம்பெட் ஊத ஆசை வந்தது. மாசிலாமணி மாஸ்டர் கல்யாண பேண்டு செட் வைத்திருந்தார். மிலிட்டரி பேண்டில் கிளாரினெட் வாசித்துவிட்டு வந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர் கொட்டகையில் போய் நின்றேன். சுவரில் ஓர் ஆணியில் டிரம்பெட் தொங்கியது. என் கண் அதிலேயே இருந்தது.

"அண்ணா, பாடுங்க" என்றார்.

"பாட வராது மாஸ்டர். ஊதக் கத்துக்கத்தான் வந்தேன்."

"ஊதறது அப்புறம். எதனா பாடுங்க."

பாடினேன். மூலையில் ஒருவன் பேஸ் டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெயர் டில்லி. பேண்டில் டிரம் அடிப்பவன். பெயின்ட் அடிப்பது பகல் வேலை.

"தோல் ஷெட்டுக்காரரு நம்ம காதையே உரிச்சிட்டாரே மாஸ்டர்" என்றான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "சுருதி தப்புது. தாளம் தப்பல. அது போதும். இப்ப நடந்துகினே பாடுங்க" என்றார்.

கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கால் ஒரு பக்கம், மூச்சு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் போனது. மூன்றும் ஒன்றாக வரும்வரை டிரம்பெட் ஆணியிலேயே இருந்தது. ஊர்வலத்தில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். அதற்காக நடக்கவிட்டார் என்று நினைத்தேன். பாடவிட்டது எதற்கு என்று அப்போது தெரியவில்லை.

2. டெம்போவில் ஒரு கேள்வி

கல்யாணம் முடிந்து டெம்போவில் திரும்பும்போது மாஸ்டர் ஒவ்வொருவரையும் கேட்பார். "இன்னிக்கு யாரைக் கேட்டீங்க?"

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. "நான் நல்லாத்தான் ஊதினேன் மாஸ்டர்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நீங்க யாரைக் கேட்டீங்க?"

யாரையும் கேட்கவில்லை. என் சத்தத்தைத்தான் கேட்டேன். வெளியே பார்த்தேன்.

டில்லி சும்மா இருப்பானா? "அண்ணன் பந்தியில பாயசம் வர்ற சத்தம் கேட்டாரு மாஸ்டர்."

அடுத்த கல்யாணத்தில் ஊதிக்கொண்டே கேட்கப் பார்த்தேன். கஷ்டமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் விரல் தப்பியது. பழகப் பழக வந்தது. சைடு டிரம் எங்கே அடக்கி அடிக்கிறது, கிளாரினெட் எங்கே வழிவிடுகிறது என்று காதில் விழ ஆரம்பித்தது. ஒருநாள், "ரெண்டாவது பாட்டுல டிராம்போன் கடைசி வரைக்கும் இழுத்து நிறுத்துச்சு மாஸ்டர்" என்றேன். டிராம்போன்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் வாசித்ததை ஒருவர் எடுத்துச் சொன்னது அவருக்கே புதிது. அடுத்த கல்யாணத்தில் இன்னும் நன்றாக வாசித்தார்.

மாஸ்டர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. எங்களையே ஒருவரை ஒருவர் புகழ வைத்துவிட்டார்.

3. ஆடி

ஆடியில் கல்யாணம் இல்லை. கூழ் ஊற்றும் கோயில்களுக்குப் பம்பைக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற செட்டுகளில் வாத்தியத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள். எங்கள் செட்டில் வேறு பழக்கம். வட்டமாக உட்காருவோம். மாஸ்டர் கை தட்டுவார். அவரவர் வாத்தியத்தை வலது பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க அதைத்தான் வாசிக்க வேண்டும்.

என் வலப்பக்கம் டில்லி. டிரம்பெட் அவனிடம் போகும். டில்லிக்கு வலப்பக்கம் இருக்கிற சைடு டிரம்காரருக்குப் பேஸ் டிரம்மைத் தூக்கினால் முதுகு பிடிக்கும். அதனால் அது மட்டும் என்னிடம் திரும்பி வரும், எனக்கு வர வேண்டியது அவருக்குப் போகும். எனக்குப் பிடிக்காது. கஷ்டப்பட்டுப் படித்த வாத்தியம் அவன் கையில். நான் தம் தம் என்று அடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

டில்லி ஊதினால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "எருமை எதுனா மாட்டிகிச்சா?" என்று ஒரு அம்மா உள்ளேயே வந்துவிட்டார்.

"எருமை இல்லம்மா. நான்தான்" என்றான் டில்லி.

வருஷம் போகப் போக எருமைச் சத்தம் குறைந்தது. மூன்றாவது ஆடியில் ஒரு முழுப் பாட்டை ஊதினான். எனக்கும் டிரம் கைக்கு வந்திருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4. பல்

அடுத்த ஆனியில் மழைநாளில் பம்மல் ரோட்டில் சைக்கிள் வழுக்கியது. ஹேண்டில்பார் வாயில் அடித்தது. மேல் பல் முன்பக்கம் முழுக்கப் போனது.

டிரம்பெட் ஊதுகிறவனுக்கு உதட்டின் பின்னால் பல் வேண்டும். மவுத்பீஸை அதில்தான் அழுத்த வேண்டும். ஆஸ்பத்திரியில் பல் செட் கட்டிக் கொடுத்தார்கள். ஊதினால் செட் ஆடியது. காற்றுதான் வந்தது. டிரம்பெட்டை வீட்டுக்காரியிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். கொட்டகைப் பக்கம் போகவில்லை.

ஆடி பிறந்ததும் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரி காவேரி அவரிடம், "சாயங்காலம் ஆனா செவுத்தைப் பாத்துகினு குந்திகினு கீறாரு. நீங்களே கேளுங்க" என்றாள்.

"ஆவணியில மாடம்பாக்கத்துல முதல் கல்யாணம். வேற ஆளைப் பாருங்க மாஸ்டர்" என்றேன்.

"ஆளைப் பாத்துக்கலாம். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"வேலைக்குப் போவேன்."

"சாயங்காலம்?"

சுவரைப் பார்த்தேன்.

"நடக்கறீங்க. பாடறீங்க. கேக்கறீங்க. பல்லுதான போச்சு?"

"டிரம்பெட்டும் போச்சு."

"அது ஆணியில தொங்குது. எங்கயும் போவல. நாளைக்கு வட்டத்துல உங்க எடம் காலியா இருக்கும். வந்து குந்துங்க."

மறுநாள் போனேன். டில்லி என் வாயைப் பார்த்தான். "அண்ணா, ஒரு செட்டு பத்தலன்னு வாயில இன்னொரு செட்டு வெச்சுகினியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விழுந்த பிறகு அன்றுதான் சிரித்தேன்.

மாஸ்டர் கை தட்டினார். டிரம்பெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் டில்லியிடம் கொடுத்தேன். பேஸ் டிரம் என்னிடம் வந்தது.

5. ஆவணி

ஆடி முடிந்தது. வாத்தியங்கள் சொந்தக்காரர்களிடம் திரும்பும் நாள்.

"இவங்க ரெண்டு பேரும் மட்டும் மாத்த வேணாம். இப்படியே மாடம்பாக்கம் போறோம்" என்றார் மாஸ்டர்.

டில்லி டிரம்பெட்டைக் கீழே வைத்துவிட்டான். "அண்ணன் எடத்துல நான் நின்னு ஊதறதா? மேல போற எடத்துல எனக்கு மூச்சே நிக்க மாட்டேங்குது. வேற ஆளை வெச்சுக்கோங்க மாஸ்டர்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நானும் முடியாது என்றால் வெளியிலிருந்து ஆள் வருவான். டில்லி தன் டிரம்முக்குத் திரும்புவான். நான் சுவருக்குத் திரும்புவேன்.

"டில்லி, அந்த எடத்தைப் பாடு" என்றேன்.

"பாட்டு எங்கண்ணா வருது எனக்கு?"

"எனக்கு மட்டும் வந்துச்சா? நடந்துகினே பாடு."

நடந்தான். நானும் கூட நடந்து பாடினேன். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எங்கே வாங்கினால் மாட்டிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் நானும் அங்கே மாட்டிக்கொண்டவன்தான். ஊத வாய் இல்லை. பாட வாய் இருந்தது.

மாடம்பாக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. கோயில் தெருவில் கார் முன்னே நாங்கள். பெண் வீட்டார் ஒரு சினிமாப் பாட்டுக் கேட்டார்கள். அதில் டிரம்பெட் மேலே போகும் இடம் உண்டு. டில்லியின் முதுகு எனக்கு முன்னால். அந்த இடம் வரும்போது அவன் தோள் மேலே ஏறியது. மூச்சு பத்தவில்லை என்று அர்த்தம். அடுத்த அடியைக் கொஞ்சம் தாமதமாகப் போட்டேன். மொத்தப் பேண்டும் அந்த அளவு நின்றது. டில்லி மூச்சு வாங்கினான். மேலே போனான். சத்தம் உடையாமல் நின்றது. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமல் மாஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

தெருவில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. காரில் இருந்த மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

டெம்போவில் மாஸ்டர் கேட்டார். "டில்லி, இன்னிக்கு யாரைக் கேட்டே?"

எப்போதும் அவன் வாயில் ஒரு கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை. "அண்ணன் டிரம்மை மாஸ்டர். எனக்கு மூச்சு விட எடம் குடுத்துச்சு. நான் இத்தினி வருசம் அடிச்சேன், எனக்கு அந்த எடம் தெரியாம போச்சே."

"நீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"டில்லியை. மேல போனப்புறம் கத்தாம எறக்கினான்."

மாஸ்டர் கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்தார். "நான் ரெண்டு பேரையும் கேட்டேன்" என்றார். அவர் தன் பங்குக்குப் பதில் சொன்னது அன்று ஒருநாள்தான்.

மாஸ்டர் எனக்கு டிரம்பெட் மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தால், சைக்கிளோடு எல்லாம் முடிந்திருக்கும். வாத்தியம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கையும் வாயும் ஒருநாள் போகும். போனபின் அவனிடம் என்ன மிஞ்சும் என்று முதல் நாளே யோசித்தவர் எங்கள் மாஸ்டர்.

இப்போது என் வாயில் ஒரு பல்லும் இல்லை. போன வாரம் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணம். டிரம் நான்தான் அடித்தேன்.